கடல் இல்லாத மாகாணமும் கொக்கலவின் பறக்கும் படகுகளும்

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடல் கிடையாது. கேகாலை, இரத்தினபுரி இரண்டு மாவட்டங்களுக்கும் ஓரடி கடற்கரைகூட இல்லை. அப்படியிருக்க, எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் எஹலியகொடையிலும் பால் வெட்டிய ஆட்களை ஒரு கடற்போர்க் கட்டுரைக்குள்ள எதுக்கு இழுக்கணும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1942 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலில் நடந்த சண்டையை நான் எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும், கடைசியில் அந்த இறப்பர் மரங்களுக்குக் கீழேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை சின்னது. கனடா நாட்டு விமானி ஒருவர் பறக்கும் படகில் போனார், ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார், செய்தி அனுப்பினார், இலங்கை தப்பியது. சேர்ச்சில் அவரை இலங்கையின் இரட்சகர் என்று புகழ்ந்ததாகவும் சொல்வார்கள். இந்தக் கதையில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பறக்கும் படகால் போரில் உண்மையிலேயே என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது, அது யாரைக் காப்பாற்றியது என்ற கேள்விகளை இந்தக் கதை கேட்பதே இல்லை.

முதலில் படகு. இங்கே பேசப்போவது கட்டலினா என்ற அமெரிக்கத் தயாரிப்பு பற்றி. அடிப்பாகம் கப்பல் மாதிரி, மேலே 104 அடி நீளத்துக்கு ஒரே இறக்கை, அதில் இரண்டு எஞ்சின். தண்ணீரில் ஓடித் தண்ணீரிலிருந்தே எழும்பும், தண்ணீரிலேயே இறங்கும். பிரித்தானியா ஆரம்பத்தில் வாங்கிய ரகத்துக்கு இறங்குவதற்கென்று சக்கரமே இல்லை. கரைக்கு இழுத்து ஏற்றும்போது மட்டும் தற்காலிகமாகச் சக்கரம் மாட்டுவார்கள். (உலகத்தில் இறப்பர் டயருக்கு அடிபிடி நடந்த வருசத்தில், இறப்பர் விளைந்த தீவைக் காவல் காத்தது டயர் இல்லாத விமானம். இதை யோசிச்சாலே எனக்குச் சிரிப்பு வரும்.)

வேகம் என்று பார்த்தால் பரிதாபம். மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில்தான் சாதாரணமாகப் பறக்கும். ஜப்பானின் சீரோ சண்டை விமானம் 500ஐத் தாண்டும். ஆகவே கட்டலினா ஒரு விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டுபிடிப்பது என்பது, பெரும்பாலும், கட்டலினாவின் கடைசி வேலையாகத்தான் இருக்கும். குண்டு, ஆழ்கடல் வெடி எல்லாம் தூக்கிக்கொண்டு போகும்தான், ஆனால் விமானப் பாதுகாப்போடு வரும் ஒரு கப்பற்படையை அதை வைத்துத் தாக்க முடியாது. அதன் பலம் வேறு. விடியற்காலையில் கிளம்பினால் இரவு வரைக்கும், தேவைப்பட்டால் அடுத்த நாள் விடியும் வரைக்கும் வானத்திலேயே இருக்கும். இன்னொன்று, அதற்கு ஓடுபாதை வேண்டாம். அலை அடங்கிய ஒரு களப்பு, நங்கூரம் போட நாலு மிதவை, எண்ணெய் கொண்டுவர ஒரு படகு போதும். தீவுகள் சிதறிக் கிடக்கும் இந்தியப் பெருங்கடலில் இது சின்ன விசயம் இல்லை.

அப்படி ஒரு களப்புதான் காலிக்குக் கிழக்கே இருக்கிற கொக்கல. அங்கே தளம் அமைப்பதற்காக ஊர்ச்சனங்களை வெளியேற்றினார்கள், வீடுகளை இடித்தார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தளத்தின் எல்லைக்குள் அகப்பட்டும் இடிபடாமல் தப்பியது, இன்றைக்கு அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. இலங்கை தப்பிய கதையைச் சொல்பவர்கள் கொக்கலச் சனங்கள் இழந்ததையும் ஒரு வரி சொல்லலாம்.

இனி இறப்பர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ஜாவாவும் போனது. உலகத்தின் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்காசியாவில்தான் விளைந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் கைவிட்டுப் போனதும் நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் நாடு இலங்கை ஒன்றுதான். வருசத்துக்கு ஏறத்தாழ 1 இலட்சம் தொன். லொறி டயர், விமான டயர், குண்டு பட்டால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி, எல்லாத்துக்கும் இது வேண்டும். அமெரிக்கா செயற்கை இறப்பர் ஆலைகளைக் கட்டத் தொடங்கியிருந்தது. ஆனால் அவை முழு வீச்சில் உற்பத்திக்கு வரும் வரைக்கும் களனிப் பள்ளத்தாக்கிலும் களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் சிரட்டையில் சொட்டும் பாலை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் கொழும்புத் துறைமுகமும் அதற்கு வெளியே போகும் கப்பல் பாதையும் வாழ்வா சாவா விசயமாகிவிட்டன. கேகாலைப் பக்கத்து இறப்பர் ஷீட் ரயிலிலும் லொறியிலும் கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்துதான் கப்பலேறியது.

இந்தப் பின்னணியில் ஏப்ரல் முதல் வாரத்தைப் பாருங்கள்.

அட்மிரல் நகுமோவின் படை, பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வருகிறது. அக்காகி, சோர்யு, ஹிர்யு, ஷோக்காக்கு, சுயிக்காக்கு. எதிரே பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளபதி சொமர்வில். அவரிடம் இருந்தது மூன்று விமானந்தாங்கிகள், அதில் ஹேர்மிஸ் பழசு, சின்னது. ஐந்து போர்க்கப்பல்களில் நாலு முதலாம் உலகப்போர்க் காலத்து மெதுநடைக் கப்பல்கள். பகலில் நேருக்கு நேர் நின்றால் முடிந்தது என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர் போட்ட திட்டம் கொஞ்சம் வித்தியாசமானது. பகலெல்லாம் எதிரி விமானங்களுக்கு எட்டாத தூரத்தில் ஒதுங்கி நிற்பது, இரவானதும் நெருங்கி வந்து, ராடார் பொருத்திய அல்பகோர் விமானங்களால் டோர்பிடோ தாக்குதல் நடத்துவது. ஜப்பானியர்களிடம் அன்றைக்கு இரவில் தாக்கும் அந்த வசதி இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் திட்டம் முழுக்க ஒரே ஆணியில் தொங்குகிறது. பொழுது சாயும்போது எதிரி எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் போகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது கொக்கலவில் இருந்து போகும் கட்டலினா.

ஜப்பானியத் தந்திகளை உடைத்துப் படித்த உளவுப் பிரிவு ஏப்ரல் 1ஆம் திகதி அளவில் தாக்குதல் வரும் என்று முதலே சொல்லியிருந்தது. சொமர்வில் மார்ச் 31இல் இருந்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் குறைந்துவிட, ஏப்ரல் 2ஆம் திகதி இரவு 600 மைலுக்கு அப்பால் மாலைதீவின் அட்டு அட்டோலில் இருந்த இரகசியத் தளத்துக்குத் திரும்பினார். டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூசர்களைக் கொழும்புக்கும், ஹேர்மிஸைத் திருகோணமலைக்கும் அனுப்பிவிட்டார். அவர் அட்டுவில் போய்ச் சேர்ந்தது 4ஆம் திகதி மத்தியானம். அன்றைக்குப் பின்னேரம்தான் செய்தி வந்தது.

அந்தச் செய்தியை அனுப்பியவர் கனேடிய விமானப்படையின் 413ஆவது அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் குளிருக்குள் பறந்துகொண்டிருந்த அணி அது. பேர்ச்சல் கொக்கலவுக்கு வந்தே இரண்டு நாள். 4ஆம் திகதி விடியுமுன் கிளம்பி நாள் முழுக்கத் தெற்கே சுற்றிவிட்டு, திரும்ப வேண்டிய நேரத்தில், தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். கப்பல்களை எண்ண எண்ண எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இடம், திசை, வேகம் எல்லாம் போட்டுத் தந்தி அடிக்கத் தொடங்கினார்கள். செய்தியை மூன்று தடவை அனுப்புவது வழக்கம். அது முடியுமுன் சீரோக்கள் வந்துவிட்டன. வானொலி நொறுங்கியது, விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூன்று பேர் செத்தார்கள். மற்ற ஆறு பேரையும் ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கைதியாகத் தூக்கியது. செய்தி அனுப்பினீங்களா என்று அடித்துக் கேட்டார்கள், இல்லை என்றார்கள். பாவம், கொழும்பு அந்த நேரம் பார்த்து, செய்தி தெளிவில்லை, திருப்பி அனுப்பு என்று தந்தி கொடுத்து மாட்டிவிட்டது. பேர்ச்சல் 1945 வரைக்கும் ஜப்பானில் கைதியாக இருந்தார். 2004இல் கனடாவில் காலமானார்.

இலங்கைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 15 மணி நேரம். அந்த 15 மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதில்தான் பறக்கும் படகின் பயன்பாடும் அதன் வரம்பும் இரண்டுமே தெரிகின்றன.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்களை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை ஏழரை மணியளவில் 120க்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வந்தபோது துறைமுகம் கிட்டத்தட்டக் காலி. இது பெரிய வெற்றி, மறுக்க முடியாது. பேர்ள் துறைமுகம் கொழும்பில் திரும்ப நடக்கவில்லை. குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி அங்கே சண்டை விமானங்களை வைத்திருந்தார்கள், அது ஜப்பானியர்களுக்குத் தெரியவே இல்லை. ஆனால் தாக்குதல் வரும் என்று தெரிந்திருந்தும், ராடார் இருந்தும், விமானங்கள் இதோ வருகின்றன என்ற கடைசி நேரத் தகவல் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. ரத்மலானையில் ஹரிக்கேன்கள் எழும்பியது குண்டு விழத் தொடங்கும் நேரத்தில். டோர்பிடோவோடு மெதுவாக வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்ஃபிஷ் விமானங்கள் நடுவில் அகப்பட்டு ஆறும் விழுந்தன. துறைமுகத்தில் டெனெடோஸ், ஹெக்டர் இரண்டும் மூழ்கின.

இன்னொரு விசயம் அதைவிட மோசமானது. எச்சரிக்கை கிடைத்ததால் கொழும்பிலிருந்து கிளப்பி விடப்பட்ட டோர்செட்ஷயரும் கோர்ன்வோலும் அன்று பின்னேரம் திறந்த கடலில் அகப்பட்டன. சில நிமிட வித்தியாசத்தில் இரண்டும் மூழ்கி, 424 பேர் செத்தார்கள். 8ஆம் திகதி இன்னொரு கட்டலினா எதிரியைக் கிழக்கே கண்டது. அதைக் கேட்டுத் திருகோணமலையிலிருந்து ஹேர்மிஸ் கடலுக்குப் போனது, ஒரு விமானம்கூட ஏற்றாமல். அடுத்த நாள் காலை மட்டக்களப்புக்கு அப்பால் அது 307 பேரோடு மூழ்கியது. கூடப் போன அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் போனது. அதே நாள் காலையில் எதிரியை மறுபடி கண்டு சொன்ன 413ஆவது அணியின் இன்னொரு கட்டலினாவில் யாருமே மிஞ்சவில்லை. பேர்ச்சல் பெயர் நமக்குத் தெரியும், ஏனென்றால் அவர் திரும்பி வந்தார்.

கண் பார்த்தது, ஆனால் கை எழும்பவில்லை. நான் இந்தச் சண்டையைப் பற்றி வாசித்த பிறகு என் தலையில் நிற்பது இதுதான். எச்சரிக்கை என்பது தன்னாலேயே ஒரு பாதுகாப்பு இல்லை. தாக்கும் வலு இல்லாதவனுக்கு எச்சரிக்கை கிடைத்தால் ஓடத்தான் முடியும், எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் தப்பலாம்.

சரி, அப்ப ஒரு மாற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டலினாக்கள் கூடுதலாக இருந்திருந்தால்? 1930களில் இருந்தே பிரித்தானியா பெரிய கப்பல்களுக்கும் சிங்கப்பூர்க் கோட்டைக்கும் கொட்டின காசில் கொஞ்சத்தை, கொக்கல, அட்டு, சீஷெல்ஸ், டியேகோ கார்சியா என்று களப்புக் களப்பாகப் பறக்கும் படகு அணிகளை நிறுத்துவதற்குச் செலவழித்திருந்தால்?

இது கொஞ்சம் கேத்திரகணிதம். ஒரு கப்பற்படை இருட்டின் 12 மணி நேரத்தில் 20 நொட் வேகத்தில் ஓடினால் 240 கடல் மைல் வந்துவிடும். விடியலில் 150 மைலுக்கு அப்பாலிருந்து விமானங்களை ஏவும் என்று வைப்போம். அப்படியானால் முதல் நாள் பொழுது சாயும்போது அது 400 மைல் சுற்றுவட்டத்தில் எங்கேயோ நிற்கிறது. தென்கிழக்குக் கால்வட்டத்தை மட்டும் காவல் காத்தாலும் அந்த வில்லின் நீளம் 630 மைல் வரும். நல்ல வானிலையில் ஒரு விமானம் இரண்டு பக்கமும் 20 மைல் பார்க்கும் என்று தாராளமாக வைத்தால், 16 கோடுகள் பறக்க வேண்டும். போகும்போது ஒரு கோடு, வரும்போது பக்கத்துக் கோடு என்றால் 8 விமானங்கள். ஒவ்வொரு நாளும். எஞ்சின் பழுது, ஆட்களின் ஓய்வு எல்லாம் சேர்த்தால் தளத்தில் 20, 25 வேண்டும். இது என்னுடைய பின்கட்டைக் கணக்குத்தான், ஆனாலும் அளவு புரியும். கொக்கலவில் அன்றைக்குப் பறக்கக்கூடிய நிலையில் இருந்தவற்றை விரல் விட்டு எண்ணலாம். பேர்ச்சல் கண்டது திறமைதான், கூடவே பாதி அதிர்ஷ்டம்.

25 இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் சுவாரசியமான இடம். ஒரு படகு விழுந்தால் அடுத்தது போய்ப் பின்தொடர்ந்திருக்கும், 5ஆம் திகதி பொழுது சாயும்போது நகுமோ நின்ற இடம் சொமர்விலுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும், அவர் ஆசைப்பட்ட இரவுத் தாக்குதல் நடந்திருக்கும். பறக்கும் படகு ரசிகர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நான் அடுத்த நாள் காலையையும் யோசிக்கிறேன். இரவில் நாலைந்து டோர்பிடோ பட்டிருந்தாலும் மிஞ்சிய ஜப்பானிய விமானந்தாங்கிகள் விடிந்ததும் சொமர்விலைத் தேடி வந்திருக்கும். அவ்வளவு கிட்ட வந்த மெதுநடைக் கப்பல்களால் பகலுக்குள் ஓடித் தப்பியிருக்க முடியாது. இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியாவுக்கு இருந்த ஒரே கப்பற்படை ஒரே நாளில் போயிருக்கலாம். உண்மையில் நடந்ததோ, இரண்டு படையும் ஒன்றையொன்று தேடித் தேடிக் காணாமல் பிரிந்தன. தெரியாமல் இருந்ததுதான் அந்தக் கப்பல்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் தப்பில்லை.

ஆகவே பறக்கும் படகு கடற்படைக்குப் பதிலாக நிற்கக்கூடிய மாற்று ஆயுதம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வலுவான கையோடு சேர்ந்தால் அந்தக் கண் என்ன செய்யும் என்பதற்கு வேறு இடங்களில் நல்ல சாட்சி இருக்கிறது. 1941 மே 26இல் அத்திலாந்திக்கில் தொலைந்துபோன ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை மறுபடி கண்டது வட அயர்லாந்திலிருந்து போன ஒரு கட்டலினா. அடுத்த நாள் பிஸ்மார்க் கடலுக்கடியில். 1942 ஜூன் 4இல் மிட்வே தீவுக்கு அருகே ஜப்பானிய விமானந்தாங்கிகளைக் கண்டதும் கட்டலினாதான். அன்றைக்கு அமெரிக்கர்களிடம் மூன்று விமானந்தாங்கிகளும் தாக்கத் துணிந்த விமானிகளும் இருந்தார்கள். கொழும்புக்கு வந்த ஐந்தில் மூன்று, அக்காகி, சோர்யு, ஹிர்யு, அங்கே முடிந்தன. ஒரே ரகப் படகு, ஒரே வேலை, இரண்டு மாத இடைவெளி.

ஜப்பானும் படகைத் தாக்கும் ஆயுதமாக்கிப் பார்த்தது. 1942 மார்ச்சில் இரண்டு பெரிய கவனிஷி படகுகள் நடுவழியில், யாருமில்லாத ஒரு திட்டில், நீர்மூழ்கிகளிடம் எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஹவாய்க்குப் போய்க் குண்டு போட்டன. மேகத்துக்குள் எங்கேயோ விழுந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படை ஜெட் எஞ்சின் பூட்டிய சீமாஸ்டர் என்ற பறக்கும் படகைச் செய்து, அணுகுண்டோடு கடலெங்கும் ஒளித்து வைக்கலாம் என்று கனவு கண்டது. 1959இல் அதைக் கைவிட்டார்கள். இதற்குள் உலகப்போர் எல்லாத் தீவிலும் ஓடுபாதை போட்டு விட்டிருந்தது. ஓடுபாதை இருக்கும் இடத்தில், உப்புத் தண்ணீரில் அரித்துப்போகும் படகை யாரும் விரும்ப மாட்டார்கள்.

1942க்குத் திரும்புவோம். ஜப்பானியர் இலங்கையில் இறங்கவில்லை. அவர்களுடைய கடற்படைக்குள் சிலர் அந்த யோசனையை வைத்தார்கள், தரைப்படை ஆள் தர மறுத்துவிட்டது. ஆகவே இலங்கையைப் பிடிக்க வந்த படையை ஒரு விமானி தடுத்தார் என்பது சரியில்லை, அது வந்து அடித்துவிட்டுப் போக வந்த படை. சொமர்வில் தன் பழைய போர்க்கப்பல்களை ஆபிரிக்கக் கரைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் இந்தக் கரையோரத்தில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய கப்பற்படை இல்லை. கொக்கலவின் படகுகள் இருந்தன.

இந்த இரண்டாவது காலம்தான் பறக்கும் படகின் உண்மையான பங்களிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. சினிமா எடுக்க ஒன்றும் இல்லாத காலம். நீர்மூழ்கிகளைத் தேடுவது, கப்பல் கூட்டங்களுக்கு மேலே நாள் முழுக்க வட்டம் போடுவது, மூழ்கிய கப்பலின் உயிர்ப்படகுகளைத் தேடுவது. பத்துத் தடவை போனால் ஒன்பது தடவை வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவது. மேலே விமானம் சுற்றினால் நீர்மூழ்கி தண்ணீருக்கு மேல் வரத் துணியாது, அடியிலேயே இருந்தால் வேகமாக ஓட முடியாது. எந்தக் கப்பலும் மூழ்காத நாள்தான் அதன் வெற்றி, அதை யார் எண்ணிப் பார்ப்பது? 1943 ஜூலையில் இருந்து அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பனி பேர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே கட்டலினா ஓட்டியது. 27இல் இருந்து 33 மணி நேரம் வரை இறங்காமல், வானொலியை மூடிக்கொண்டு, ஜப்பானியர் கையிலிருந்த கடலுக்கு மேலே. அதிகபட்சம் மூன்று பயணிகள், கொஞ்சம் தபால். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம், அதனால் இரட்டைச் சூரியோதயப் பயணம் என்றே பெயர்.

கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. கப்பலில் இறப்பர் போனது.

அந்த இறப்பர் எப்படி வந்தது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலைக் குளிரிலேயே பால் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓடாது, மழை பெய்தால் வெட்டவே முடியாது. பட்டையில் பாதிச் சுற்றுக்கு மெல்லிசாக ஒரு வெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மரத்தின் உள்மரத்தில் கத்தி படாமல். பட்டை மறுபடி வளர வருசக்கணக்கு எடுக்கும். போர்க்காலத்தில் இந்த ஒழுங்கை உடைத்தார்கள். பழைய மரங்களை இருபக்கமும், மேலும் கீழும், எட்டாத உயரத்துக்கு ஏணி வைத்தும் வெட்டி, இரண்டு மூன்று வருசத்துக்குள் இருக்கிற பாலையெல்லாம் கறந்துவிடுவது. ஆங்கிலத்தில் அதுக்கு வைத்த பெயரே கொலை வெட்டு என்று அர்த்தப்படும். அரசாங்கமே இதை ஊக்குவித்தது. மரம் சாகும் என்று தெரிந்தேதான்.

மரம் போலத்தான் ஆளும். 1939 ஆகஸ்டில் இருந்தே இந்தியா இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்திருந்தது. புது ஆள் வராது, இருக்கிற ஆட்களே கூடுதல் வேலையைச் செய்ய வேண்டும். பர்மா விழுந்ததோடு அரிசியும் நின்றது. பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவும்தான். ஏணியில் ஏறிப் பால் வெட்டியவர்கள் சாப்பிட்டது அதைத்தான். இதைக் கேட்க வேண்டிய ருவன்வெல்லத் தொகுதிப் பிரதிநிதி என். எம். பெரேரா 1940இல் இருந்து போகம்பறைச் சிறையில். போரை எதிர்த்ததற்காக. குண்டு விழுந்த அதே ஏப்ரலில்தான் அவரும் தோழர்களும் சிறையிலிருந்து தப்பி, பிறகு இந்தியாவுக்குப் போனார்கள்.

கட்டலினா அணிகளின் பறப்புப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே என்ன கண்டது என்று தேதி வாரியாகப் பார்க்கலாம். தோட்டத்து ஆளுக்கு இருந்த ஒரே பதிவு செக்றோல். அதுவும் அவருடைய கையில் இல்லை, தோட்ட அலுவலகத்தில். 1948இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரை வெளியே தள்ளியது. அடுத்த வருசம், 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவுரிமைச் சட்டம் வந்தது. குடியுரிமை வேண்டுமென்றால், கல்யாணமானவர் 7 வருசமும் ஆகாதவர் 10 வருசமும் இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். அந்த வருசங்களை எண்ண வேண்டியது 1946 ஜனவரி 1க்குப் பின்னோக்கி. கணக்குப் பாருங்கள், ஒன்று 1939இல் தொடங்குகிறது, மற்றது 1936இல். எப்படி எண்ணினாலும் 1942 உள்ளே வருகிறது. யாருடைய பாலுக்காகக் கொக்கலவிலிருந்து ஆட்கள் கடலில் விழுந்தார்களோ, அவர்கள்தான் அந்த வருசம் தாங்கள் இந்த நாட்டில் இருந்தோம் என்று காகிதம் காட்ட வேண்டியிருந்தது.

ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. விண்ணப்பங்கள் விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1953இல், கொலை வெட்டில் போன மரங்களும் முதிர்ந்த மரங்களும் நின்ற காணிகளில் புதுக்கன்று நடுவதற்கு அரசாங்கம் மானியம் கொடுக்கத் தொடங்கியது.